பணத்தைக் கேட்கலாம், ஆளைக் கேட்கலாமா?

கேள்வி: வந்தவாசி பக்கத்தில் ஆறு தறி போட்டு, ஆரணி ஜவுளிக்காரர்களுக்குப் பட்டுச்சேலை நெய்து கொடுக்கிறேன். என்னிடம் நெய்தவரின் மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது வட்டியில்லாமல் 60,000 ரூபாய் கொடுத்தேன். இப்போது செய்யாறு சிப்காட்டில் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்கிறார். பணத்தை மாதாமாதம் தருவாராம். பணம் கிடக்கட்டும், நன்றி வேண்டாமா? ஈடாக அவர் கொடுத்த, மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. கணக்கு தீரும்வரை கொடுக்காதே என்கிறார் என் மைத்துனர். இரக்கப்பட்டதற்கு இதுதான் பலனா?
- பெயர் வேண்டாம், வந்தவாசி

பதில்: ஐயா, ஆபத்துக்கு உதவினீர்கள், வட்டியும் கேட்கவில்லை. நல்ல காரியம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. 60,000 ரூபாய் ஒன்று. அவர் உங்கள் தறியை விட்டுப் போகக்கூடாது என்பது இன்னொன்று. முதலாவதைத் தருகிறேன் என்கிறார். இரண்டாவதைக் கேட்க உங்களுக்கு உரிமையே கிடையாது.

கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நம் நினைவுக்கு வரும். 1976-ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் சூளையோடு நிற்பதில்லை. முன்பணம் வாங்கிய காரணத்தால் ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தால், அது கொத்தடிமை முறைதான். அப்படி முடிவானால் கடனே ரத்தாகிவிடும். வேலை வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவர் தலையில்தான். மைத்துனர் சொல்வதைக் கேட்டால், நல்ல மனதோடு கொடுத்த பணத்தை நீங்களே அந்தச் சட்டத்தின் வாயில் கொண்டுபோய் வைப்பீர்கள்.

நன்றிக்கு வருகிறேன். ஆடம் ஸ்மித் தம் அறவியல் நூலை வெளியிட்டது 1759-இல். உங்கள் ஊரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதற்கு முந்தைய ஆண்டு. பிறருக்கு நன்மை செய்வதை யாரும் கட்டாயப்படுத்திப் பெற முடியாது, நன்றியையும் அப்படித்தான் என்பது அவர் வாதம். நீதி தவறினால் தண்டிக்கலாம். நன்றி மறந்தவரைக் குறை சொல்லலாம், அவ்வளவுதான். அதிலும் உங்கள் நெசவாளர் எதையும் மறந்ததாகத் தெரியவில்லை. சொல்லிக்கொண்டுதானே போகிறார்?

அவருக்கு ஏன் உங்களிடம் கை நீட்ட வேண்டி வந்தது என்பதையும் யோசியுங்கள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். நூல் சுற்றி, பாவுக்குக் கை கொடுத்து மனைவி பார்க்கும் வேலை அந்தக் கூலிக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. அடைமழையில் குழித்தறியில் ஈரம் ஏறினால் நெசவு இல்லை. நெசவு இல்லையென்றால் கூலியும் இல்லை. அந்த மாதங்களை ஓட்ட முன்பணம். பிறகு அதைக் கழிக்க அதே தறி. நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை, உங்கள் தலைக்கு மேலே ஜவுளிக்காரர் இருக்கிறார். ஆனாலும் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கும் கூலியோடு உங்கள் கூலியை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், நீங்கள் கொடுத்ததில் ஒரு பங்கு அவருக்குச் சேர வேண்டியதே. அதற்குத் தருமம் என்று பெயர் வைக்க முடியாது.

திருக்குறளில் செங்கோன்மை 55-ஆவது அதிகாரம், கண்ணோட்டம் 58-ஆவது. முறை முதலில், இரக்கம் பிறகு என்றே நான் இந்த வரிசையை வாசிக்கிறேன். உரையாசிரியர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

சான்றிதழை இன்றே கொடுத்துவிடுங்கள், பையன் மேலே படிக்க வேண்டும். 60,000-இல் எவ்வளவு உதவி, எவ்வளவு கடன் என்று நீங்களே முடிவு செய்து அவரிடம் சொல்லுங்கள். கடன் என்று நிற்பதை மட்டும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் கட்டும்போதெல்லாம் அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திடட்டும். இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டுக் கெடு உண்டு; கெடுவுக்குள் அவ்வாறு பணம் கட்டினால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.