பறவையின் முதுகேறிய பொறி

உயிலங்குளம், வங்காலை, மன்னார் என்னும் இப்பகுதிகளிற் பிறந்து வளர்ந்தோர், மாரிகாலத்திற் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் பறவைகளைக் கண்டேயிருப்பர். கட்டுக்கரைக் குளத்தில் நீர் ஏற வாத்தினம் வரும். வங்காலைக் களப்பிற் பூநாரை நிற்கும். கரையோரத்திற் கடற்காகம் இரையும். பங்குனி, சித்திரை கழிந்ததும் அவற்றுட் பெரும்பாலன மறைந்துவிடும். எங்கே சென்றன என்னும் வினாவுக்கு நம் முன்னோர் 'வடக்கே' என ஒரு சொல்லால் விடையிறுத்தனர். அவ்விடை பிழையன்று. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுத்ததும், அது தெற்கே வந்து மீளும் இயல்பினது என்பதை அறிந்தே. ஆயினும், அவ்வடக்கு எத்துணைத் தொலைவு என்பதை அளந்து காட்டும் கருவி அண்மைக்காலம் வரை எவரிடத்தும் இருந்ததில்லை.

மேனாட்டார் இவ்விடயத்தில் நம்மினும் மயங்கியிருந்தனர். குளிர்காலத்திலே தகைவிலான்கள் ஏரிச் சேற்றுள் உறங்குகின்றன என்று கற்றோரும் நம்பிய காலம் ஒன்றுண்டு. 1822 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே வீழ்த்தப்பட்ட நாரையொன்றின் கழுத்தில் ஆபிரிக்க ஈட்டியொன்று பாய்ந்திருக்கக் கண்டனர். ஈட்டியோடு அது கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்திருந்தது! அந்நாரையின் உடலம் இன்றும் றொஸ்ரொக் பல்கலைக்கழகத்திற் பேணப்படுகின்றது. 1899 இல் டென்மார்க்கு நாட்டுப் பள்ளியாசிரியர் மோர்ட்டென்சன் என்பார், எண் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைக் காலில் இட்டு விடுக்கும் முறையைத் தொடங்கினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 இல் சலீம் அலி அவர்கள் தலைமையில் வலசை ஆய்வை மேற்கொண்டது. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள கோடிக்கரையும் பின்னர் அவ்வாய்வின் களங்களுள் ஒன்றாயிற்று. எனினும் வளையம் ஊமை. அப்பறவையை மீண்டும் ஒருவர் பிடித்தாலன்றி அது பேசாது. பேசினும் தொடக்கத்தையும் முடிவையும் கூறுமேயன்றி, இடைவழியைக் கூறாது.

இன்றைய பொறியோ வழிமுழுவதையும் கூறவல்லது. அது தொழிற்படும் முறையை மாணவர் பொருட்டுச் சற்று விரித்துரைப்பாம்.

புவிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகள், தத்தம் கடிகார நேரத்தை இடையறாது ஒலிபரப்புகின்றன. அவ்வலைகள் ஒளியின் வேகத்தில், அதாவது செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் வீதம் வருவன. ஆகவே, அலை வந்துசேரப் பிடித்த நேரத்தை அறிந்தால் செய்மதியின் தூரத்தை அறியலாம். நான்கு செய்மதிகளின் தூரம் கிடைத்தாற் பறவை நிற்கும் இடம் வெளிப்படும். கடிகாரம் ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைக்கும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி, செய்மதிக் கடிகாரங்கள் நிலத்திலுள்ளவற்றினும் நாளொன்றுக்கு அத்தகைய 38 பங்குகள் விரைந்தோடுகின்றன. இதைத் திருத்தாவிடின், ஒரே நாளில் வங்காலைப் பறவை மன்னார்ப் பட்டினத்தில் நிற்பதாகக் கணக்கு வந்துவிடும். வெறுங் கணிதம் எனச் சிலர் ஒதுக்கிய கொள்கை கடற்காகத்தின் முதுகிற் பயன்படுகின்றது!

பொறியின் நிறை பறவையின் நிறையில் நூற்றுக்கு மூன்று பங்கினை மேவலாகாது என்பது ஆய்வாளர் பெரிதும் கைக்கொள்ளும் விதி. 800 கிராம் நிறையுள்ள பறவைக்கு 24 கிராம் வரையே இடமுண்டு. அதற்குள் மின்கலமும், அதனை ஊட்டும் சூரிய ஒளித்தகடும், நினைவகமும் அடங்கவேண்டும். பறவை ஊர்ப்புறத்தைக் கடக்கையிற் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வாயிலாகப் பொறி தன் குறிப்புகளை அனுப்பிவிடும். கோபுரமில்லாத நிலத்திலோ மௌனமாகச் சேமித்துவைத்து, கோபுரங் கண்டபின் அனைத்தையும் ஒருங்கே ஒப்புவிக்கும்.

மன்னாரிலே இத்தகைய பொறிகளைப் பூட்டியவர், கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்ன குழுவினரும் அவரோடிணைந்த சீன விஞ்ஞானிகளுமாவர். மேகா எனப் பெயர்பெற்ற கடற்காகம், மத்திய ஆசிய நாடுகளைக் கடந்து, றஷ்யாவின் வடகோடியிலுள்ள யாமால் குடாநாட்டுப் பகுதியை அடைந்தமை இவ்வாறு அறியப்பட்டது. நேர்கோட்டில் அளப்பினும் அத்தொலைவு 6,500 கிலோமீற்றருக்கு மேற்படும். உலகிலே இதனினும் வியத்தகு பயணங்கள் உள. 2022 இல் மூக்கானினத்து இளம்பறவையொன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு, 13,560 கிலோமீற்றரை எங்கும் இறங்காது 11 நாளிற் கடந்தது. ஆயினும் நம் கரையிற் கருவாட்டுப் பந்தலைச் சுற்றும் கடற்காகம் உறைபனி நாட்டுக் குடிமகன் என்பதே எமக்கு மிக்க வியப்பைத் தருகின்றது.

இது வியப்போடு நிற்கும் செய்தியன்று. வங்காலைச் சரணாலயம் 2010 இல் றாம்சார் ஈரநிலப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபையின் தம்பபவனிக் காற்றாலை, 30 சுழலிகளுடன் 103.5 மெகாவாற்று ஆற்றலுக்கு அமைக்கப்பட்டு, 2020 மார்கழியில் திறந்துவைக்கப்பட்டது. பறவைகள் நெருங்குவதை றேடாரினாற் கண்டறியும் ஏற்பாடும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. அடுத்து அதானி நிறுவனத்தின் திட்டம் எழ, 2024 இற் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. 2025 மாசியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஆவணியில் மன்னார் மக்களே புதிய சுழலிகளை எதிர்த்து வீதியில் நின்றனர். நிலக்கரியும் எண்ணெயும் விலைகொடுத்து வாங்கும் நாட்டுக்குக் காற்று பெருஞ்செல்வம் என்பதை யாம் மறுக்கவில்லை. எனினும், எவ்வழியாற் பறவை வருகின்றது, எவ்வுயரத்திற் பறக்கின்றது, எம்மாதத்தில் நெருங்குகின்றது என்பவற்றை அறிந்து சுழலிக்கு இடம் வகுப்பது ஒன்று. வகுத்தபின் அறிவது வேறொன்று. முன்னையதற்கே இப்பொறிகள் உதவும்.

பொறி பூட்டப்பெறும் பறவைகளோ மிகச் சில. எஞ்சியவற்றை மனிதக் கண்ணே எண்ணவேண்டும். இதற்கும் இணையம் வழிவகுத்துள்ளது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியற் கூடம் முன்னின்று 2002 இல் தொடங்கிய ஈபேர்ட் என்னும் ஏட்டிலே, உலகெங்குமுள்ள எவரும் தாம் கண்டவற்றைப் பதியலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களிற் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. நம் பகுதியிலோ, 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இத்தகைய பணி அரிதினும் அரிது.

பதிவுமுறை எளிது. இடம், தொடங்கிய நேரம், நின்ற நேரம், இனந்தோறும் எண்ணிக்கை: இவையே வேண்டுவன. கண்டவற்றுள் அரியதை மட்டுமன்றிக் காகத்தையும் மைனாவையும் எழுதவேண்டும். முழுப்பட்டியலாயின், எழுதாத இனம் அன்று அங்கே காணப்படவில்லை என்பதும் ஆய்வாளனுக்குத் தரவாகும். கார்த்திகை முதற் பங்குனி வரை, விடியற்பொழுதில் அரைமணி நேரம் கட்டுக்கரைக் குளத்துக் கட்டில் நின்றாற் போதும். உயிலங்குளத்து மாணவருக்கு அது மிதிவண்டித் தூரமே.