இரத்தச் சர்க்கரைமானி வாங்குவோர் அறிய வேண்டுவன

புதுத் தறி வாங்குகிறவர் தறியின் விலையை மட்டும் விசாரிப்பதில்லை. அச்சும் விழுதும் பழுதானால் எங்கே கிடைக்கும், நூல் எங்கிருந்து வரும் என்பவற்றையும் கேட்டறிந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். பம்புசெட்டு வாங்கும் விவசாயியும் அவ்வாறே செய்கிறார். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் குளுக்கோமீட்டர் என்னும் சர்க்கரைமானியை வாங்கும்போது இந்த விவேகம் பலருக்கு மறந்துவிடுகிறது. பெட்டி மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்து வாங்கி, சில மாதங்களில் அதற்குரிய பட்டையை வாங்க இயலாமல் அலமாரியில் போட்டுவிடுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பேராய்வு ஒன்று 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உள்ளதென அது மதிப்பிட்டது. ஆகவே இஃது எங்கோ சிலருடைய கவலையன்று. நம் அங்கத்தினர் குடும்பங்களின் செலவுக் கணக்கில் இடம்பெறும் விஷயமே ஆகும்.

யாருக்குத் தேவை?

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு மானி இன்றியமையாதது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சில வேளைகளில் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடும். அவற்றை உண்பவர்களுக்கும், நீரிழிவுள்ள கர்ப்பிணிகளுக்கும் அது பெரிதும் பயன்படும். உணவுக் கட்டுப்பாட்டாலோ மெட்பார்மின் மாத்திரை ஒன்றினாலோ நோயை அடக்கி வைத்திருப்பவர் நாள்தோறும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. எத்தனை முறை சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் முதலில் கேட்டறிய வேண்டும். எந்த மானி ஏற்றது என்பதை அந்த எண்ணிக்கையே பெரும்பாலும் முடிவு செய்யும்.

பட்டையின் கணக்கு

ஸ்டிரிப் என்று கடைக்காரர் சொல்லும் சோதனைப் பட்டையில் ஒரு நொதிப் பொருள் பூசப்பட்டிருக்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரை அதனோடு சேரும்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தை மானி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. நொதியைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் மின்முனையின் கருத்தை 1962-ஆம் ஆண்டில் லேலண்டு கிளார்க் என்பவரும் அவருடைய துணைவரும் வெளியிட்டனர். இன்றைய மானிகள் பலவற்றுக்கும் அதுவே மூலம். எனவே அளக்கும் வேலையின் பெரும்பகுதி பட்டையிலேயே நடைபெறுகிறது. செலவின் பெரும்பகுதியும் அதிலேதான். ஒரு நிறுவனத்தின் பட்டை மற்றொரு நிறுவனத்தின் மானிக்குப் பொருந்தாது.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் வாரத்திற்கு 4 முறை சோதித்தால் ஆண்டிற்கு 208 பட்டைகள் வேண்டும். பட்டை ஒன்று 20 ரூபாய் என்றால் 4,160 ரூபாய்; 12 ரூபாய் என்றால் 2,496 ரூபாய். ஒரே ஆண்டில் 1,664 ரூபாய் வித்தியாசம். மானியை இலவசமாகத் தருகிறோம் என்று சொல்பவரிடம் பட்டையின் விலையை முதலில் கேட்பது ஏன் என்பது இதனால் விளங்கும்.

புட்டியைத் திறந்த பின் எத்தனை நாள் பட்டையைப் பயன்படுத்தலாம் என்பதையும் பார்க்க வேண்டும். சில பட்டைகளுக்கு 90 நாளே தவணை. வாரம் இருமுறை மட்டும் சோதிப்பவர் 50 பட்டை உள்ள புட்டியை வாங்கினால், 13 வாரத்தில் 26 பட்டைகளே செலவாகும், 24 வீணாகும். அவர் 25 பட்டை உள்ள புட்டியையோ, தனித்தனி உறையிலிட்ட பட்டையையோ வாங்குதல் நலம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் சர்வதேசத் தரத்தின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. ஆய்வுக்கூட அளவு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் மானியின் அளவு 15 மில்லிகிராமுக்கு மேல் விலகலாகாது. 100-ம் அதற்கு மேலும் இருந்தால் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் விலகலாகாது. நூறு சோதனைகளில் 95 சோதனைகளேனும் இவ்வரம்புக்குள் அமைய வேண்டும். அதாவது உண்மை அளவு 200 எனில் மானி 170 முதல் 230 வரை காட்டலாம். எனவே இன்று 142, நேற்று 150 என்று மனங்கலங்க வேண்டியதில்லை. வாங்கும்போது பெட்டியின் விவரத்தாளில் இத்தரம் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் அதே வேளையில் நம் மானியிலும் ஒருமுறை சோதித்து ஒப்பிடலாம். உணவுக்குப் பின் விரல் இரத்தத்தில் நாள இரத்தத்தைவிடச் சர்க்கரை மிகுதியாக இருக்குமாதலால், அப்போது ஒப்பிடுவது பொருந்தாது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு மானி உண்மைக்கு மேலான அளவைக் காட்டக்கூடும் என்பதை மருத்துவரிடம் சொல்லி ஆலோசிக்க வேண்டும்.

தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளக்கும் என்று விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பலாகாது. அத்தகைய எதற்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தினர் 2024 பிப்ரவரியில் எச்சரித்தனர்.

நம் தொழிலுக்குரிய கவனங்கள்

கரும்பு வெட்டியவர், வெல்லம் காய்ச்சியவர், பழம் பறித்தவர் ஆகியோரின் விரலில் ஒட்டிய இனிப்பு மானியின் எண்ணை வெகுவாக உயர்த்திவிடும். அந்தப் பொய் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பாவுக்குக் கஞ்சியிட்டவரும் சாயம் தொட்டவரும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே விரலைக் குத்த வேண்டும்.

அறுந்த இழையைப் பிணைப்பது நெசவாளியின் விரல் நுனி. ஆகவே நுனியின் நடுவே குத்தாமல் பக்கவாட்டில் குத்துக. நாளுக்கொரு விரலாக மாற்றுக. குறைந்த இரத்தத்தில் சோதிக்கும் மானியும், ஆழத்தைக் குறைத்து வைக்கக்கூடிய ஊசிக் கருவியும் நம்மவர்க்கு ஏற்றவை. கண்பார்வை மங்கியவர்கள் பெரிய எழுத்தில் காட்டும் மானியையே கேட்டு வாங்க வேண்டும்.

பட்டைப் புட்டியை வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கலாகாது. மூடியை இறுக மூட வேண்டும். அளவு 70-க்குக் கீழே இறங்கினால் தறியையும் ஏரையும் விட்டெழுந்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

பொதுவில் ஒரு மானி வாங்கி எல்லாரும் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் கூட்டுறவு நெஞ்சில் எழுவது இயல்பு. ஆனால் இங்கே அது தகாது. ஒருவர் விரலைக் குத்திய ஊசியாலும் ஊசிக் கருவியாலும் மஞ்சட்காமாலைக் கிருமி மற்றவருக்குப் பரவும். ஊசியும் கருவியும் ஆளுக்கொன்றாகவே இருத்தல் வேண்டும். மானியும் அவ்வாறிருப்பதே நலம்.

கூட்டாகச் செய்ய வேண்டியது விலை பேசுதல். மானி தேவைப்படும் அங்கத்தினரின் பட்டியலைச் சங்கம் எடுத்து, எல்லாரும் ஒன்றிரண்டு வகை மானிகளையே தேர்ந்தால், உரிமம் பெற்ற மருந்துக்கடையிடமோ கூட்டுறவு மருந்தகத்திடமோ மொத்தமாகப் பட்டைக்கு விலை பேசலாம். காலாவதித் தேதி இருப்பதால் இரண்டு மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைத்தல் கூடாது. நூலை ஒன்றுசேர்ந்து வாங்கியதனால் இடைத்தரகரிடமிருந்து மீண்டவர்கள் நாம். பட்டையையும் அவ்வாறே வாங்க இயலும்.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் இன்சுலின் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? அவர்களிடம் எந்தெந்த வகை மானிகள் உள்ளன?

2. ஒவ்வொரு வகைக்கும் பட்டை ஒன்றின் விலை என்ன? ஓராண்டுச் செலவு எவ்வளவு?

3. பட்டை வாங்க முடியாமல் சும்மா கிடக்கும் மானிகள் எத்தனை வீடுகளில் உள்ளன?