கேமராவுக்குள்ளேயே எடிட்டிங்: எது உருப்படி, எது விளையாட்டு?

கேள்வி: நிக்கான் டி5600 வைத்திருக்கிறேன். வீட்டில் கணினி இல்லை. கேமராவின் ‘ரீடச்’ மெனுவில் டி-லைட்டிங், ட்ரிம், மினியேச்சர் என்று ஏகப்பட்ட வசதிகள் இருக்கின்றன. “அதெல்லாம் விளையாட்டுச் சாமான், தொடாதே” என்கிறார்கள் நண்பர்கள். உண்மையில் பயன் உண்டா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: நண்பர்கள் சொல்வது பாதி சரி. அந்த மெனுவில் விளையாட்டுச் சாமான்கள் நிறையவே உண்டு. ஆனால் அவற்றோடு ‘என்இஎஃப் (ரா) பிராசஸிங்’ என்று ஒரு வரியும் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் பழக வேண்டும். அது பயன்பட, படம் எடுக்கும்போதே, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகப் பதிவாகியிருக்க வேண்டும். கேமராவுக்குள் செய்யும் திருத்தம் நன்றாக வருமா வராதா என்பது எந்தக் கோப்பைத் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

திருமண மண்டபத்து மஞ்சள் விளக்கில், ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கு வைத்தபடியே எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜேபெக் படத்தில் அந்த மஞ்சள் ஏற்கெனவே கலந்து உறைந்துவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். அதிலும் நீலத்துக்கு விழுந்தது கொஞ்சம். அதை இழுத்து உயர்த்தினால் இரைச்சலும் கூடவே வரும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். ஒயிட் பேலன்ஸ் அதில் ஒரு குறிப்பாக மட்டுமே இருக்கிறது, படத்தோடு கலந்திருக்காது. அதனால் ரா பிராசஸிங்கில் அதை மாற்றுவதும், எடுக்கும்போதே சரியாக வைத்திருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸ்போஷரையும் பிக்சர் கன்ட்ரோலையும் அங்கேயே திருத்தலாம். வேற்று நிறுவன மென்பொருள்களால் நிக்கானின் வண்ணத்தை ஒப்பேற்றத்தான் முடியும். இங்கே வேலை செய்வது ஜேபெக்கை உருவாக்கும் அதே நிக்கான் சில்லு. மூலக் கோப்புக்கும் சேதம் இல்லை. திருத்திய படம் தனிப் பிரதியாகக் கார்டில் சேர்ந்துவிடும்.

“கைபேசியிலேயே எல்லாம் செய்யலாமே?” என்பார்கள். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலி உங்கள் கேமராவிலிருந்து தானாக அனுப்பிவைப்பது 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கிய ஜேபெக்கை. மஞ்சள் உறைந்த படத்தைத்தான் அங்கேயும் திருத்திக்கொண்டிருப்பீர்கள். கேமராவில் ராவைச் சரிசெய்து, அதிலிருந்து பிறந்த ஜேபெக்கை அனுப்புவதே முறை. இதைவிட வலுவான ஆட்சேபம் திரையைப் பற்றியது. 3.2 அங்குலத் திரையில் சுமார் 3.5 லட்சம் பிக்சல்கள். உங்கள் படத்திலோ 2.4 கோடி. எழுபதில் ஒரு பங்கைப் பார்த்து முழுப் படத்துக்கும் தீர்ப்பு எழுதுகிறோம், அதுவும் வெயிலில் மங்கித் தெரியும் திரையில். மறுக்க முடியாத குறைதான். ஆனால் கூர்மையையும் இரைச்சலையும் எடைபோடத்தான் பெரிய திரை வேண்டும். வெளிச்சத்துக்கு ஹிஸ்டோகிராம் (இருளிலிருந்து ஒளி வரை படத்தின் பரவலைக் காட்டும் வரைபடம்) போதும். பிளேபேக் மெனுவில் அதை இயக்கிவைத்து, பிரதியைச் சேமித்ததும் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் எக்ஸ்போஷரைக் குறைத்து இன்னொரு பிரதி எடுங்கள். திரையின் பிரகாசத்தை நம்பிக் கூட்டிக் குறைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ட்ரிம், ஸ்ட்ரெய்ட்டன் இரண்டும் அவசரத்துக்கு உதவும். வெட்டிய அளவுக்குப் பிக்சல் குறையும். ஜேபெக்கின் மீது டி-லைட்டிங் போட்டால் நிழல் வெளுக்கும், ஒளியில் வெந்துபோன வானம் திரும்பாது. பிரதிக்குப் பிரதி திருத்திக்கொண்டே போனால் தரம் தேயும். மினியேச்சர், கலர் ஸ்கெட்ச் வகையறா ஒரு நாள் வேடிக்கை. போட்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வேர்ல்டு பிரஸ் போட்டோ போன்ற போட்டிகள் இறுதிச் சுற்றில் கேமரா பதிவு செய்த மூலக் கோப்பையே கேட்கின்றன. பிரதி கிடைத்துவிட்டது என்று மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

இன்றைக்கே ‘இமேஜ் குவாலிட்டி’யை ரா + ஃபைன் என்று மாற்றிவிடுங்கள். கார்டு சீக்கிரம் நிரம்பும். பெரிய கார்டாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.