மீதிப் பதினான்கு பேர்

அன்பு மகளே,

எவரெஸ்ட் ஏற வேண்டும் என்று எழுதியிருந்தாய். தாராளமாக ஆசைப்படு, அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்புமுன், ஜுன்கோ தாபேயைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்.

1975 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பெண் அவர். பாடப்புத்தகம் அதோடு நிறுத்திவிடும். கூட ஏறச் சில ஆண்கள் மறுத்ததால், 1969இல் ஜப்பானில் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்ற மன்றம் தொடங்கியவர். எவரெஸ்ட் பயணத்துக்கு நிதி கேட்டுப் போன இடங்களில், வீட்டிலிருந்து பிள்ளையை வளர்க்கச் சொல்லி அனுப்பினார்கள். பியானோ கற்றுக்கொடுத்துக் காசு சேர்த்தார். பழைய கார் இருக்கை உறைகளை வெட்டி, நீர் புகாத மேல்கையுறை தைத்துக்கொண்டார்கள் அந்தப் பெண்கள்.

மே 4 அன்று, சுமார் 6,300 மீட்டர் உயரத்தில், தூங்கிக்கொண்டிருந்தவர்களின் கூடாரங்கள் மேல் பனிச்சரிவு இறங்கியது. நினைவிழந்து புதைந்து கிடந்த தாபேயை ஷெர்பாக்கள்தான் தோண்டி எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் உச்சியில் நின்றார்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்தக் குழுவில் பதினைந்து பெண்கள். இருவரை உச்சிக்கு அனுப்புவதாகத்தான் திட்டம். ஷெர்பாக்கள் பலரை உயர நோய் தாக்கியதால் போதிய ஆக்சிஜனை மேலே கொண்டுபோக முடியவில்லை. ஒரு பெண்தான் போகலாம் என்றாகிவிட்டது. குழுத் தலைவி எய்கோ ஹிசானோ, தாபேயின் பெயரைச் சொன்னார். மற்றவர்களும் வீட்டை விட்டு, வேலையை விட்டு வந்தவர்கள்தான். அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒடுங்கிய ஒரு பனிமுகடு. அதன்மேல் தாபே பக்கவாட்டில் தவழ்ந்து போனார். இடுப்புக்கு மேலே சீனப் பக்கம், கால்கள் நேபாளப் பக்கம். முன்பு ஏறியவர்களின் அறிக்கைகளில் இப்படியொரு இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று அவருக்கு ஆத்திரம். ஆகவே, ஏறும் ஒவ்வொரு மலையிலும் நீ பயந்த இடத்தைக் குறித்து வை. அடுத்து வருகிற பெண்ணுக்கு உதவும்.

பயிற்சியில் மூட்டை சுமப்பாய், கயிறு பிடிப்பாய், பிறர் ஏறுவதற்காகக் கீழே காத்து நிற்பாய். அதையும் மலையேற்றமாகவே எண்ணிச் செய். பிறகு எவரெஸ்ட்டுக்குப் போகும் நாளில், தலைவி உன் பெயருக்குப் பதில் பக்கத்தில் நிற்பவள் பெயரைச் சொன்னால் என்ன செய்வாய்? யோசித்து எழுது.

உன் அத்தை