பத்தா, பதிமூன்றா?

அக்கா மகனுக்குத் தண்டனை வாசித்தபோது என் காதில் விழுந்தது ‘பத்து வருடம்’ மட்டும்தான். கஞ்சாவுக்குப் பத்து, நாட்டுத் துப்பாக்கி விற்றதற்கு மூன்று. அந்த மூன்றும் பத்துக்குள் அடங்கிவிடும் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு அச்சு வார்ப்பவனுக்கு வேறென்ன தெரியும்?

மேல்முறையீட்டுக்குப் பிடித்த வக்கீலம்மா, தீர்ப்பு நகலை வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். “ஏககாலத்தில்னு ஒரு வார்த்தை இல்லையேங்க. அப்ப ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது. பதிமூணு வருஷம்.” அப்போதைய சட்டப்படி, நீதிபதி சொல்லாவிட்டால் தண்டனைகள் அடுத்தடுத்துத்தான் ஓடுமாம். அபராதம் கட்டாததற்கான சிறை தனி. அது எதோடும் சேராது. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் அபராதமே ஒரு லட்சத்துக்குக் குறையாது. நகைக்கடனுக்கு முதலில் ஓடியது அதற்காகத்தான்.

தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். கேட்டு வாங்கிவிடுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள் கெடு. “மேலிடத்தில் ஆள் இருக்கு” என்ற ஒரு தரகரை நம்பி நான் மூன்று வாரம் தொலைத்தேன், பணமும் போனது. வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனுவை அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு. இதைச் சொன்னவர் கேப்பர் மலைச் சிறையில் கைதியைப் பார்க்க எங்களோடு வரிசையில் நின்ற ஒரு பாட்டி.

“அவன் நல்ல பையன்ம்மா” என்றேன். வக்கீலம்மா அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை. மூட்டையை எங்கே எடை போட்டார்கள், முத்திரை யார் வைத்தது, மாதிரி எடுத்தது நீதித்துறை நடுவர் முன்னிலையிலா என்று கேட்டுக்கொண்டே போனார். உடம்பைச் சோதிக்கும்போது பின்பற்ற வேண்டிய, போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவு நடைமுறை கையிலிருக்கும் பைக்கோ மூட்டைக்கோ பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டதால், நாங்கள் நம்பியிருந்த பெரிய வாதம் ஒரே நிமிடத்தில் செத்தது. தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் தள்ளுபடி. வணிக அளவு என்றால் 37-வது பிரிவு குறுக்கே நிற்கும். இந்த மாதிரிப் போதைப்பொருள் தண்டனையில் தண்டனைக் குறைப்பு கிடையாது என்பதால், அண்ணா பிறந்தநாள் விடுதலை என்று ஊரில் சொன்னதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

சம்பவம் 2019 டிசம்பருக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஆயுத விற்பனைக்குக் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு. மூன்றோடு விட்டதே பெரிது என்றார் வக்கீலம்மா.

கடைசியில் உயர் நீதிமன்றத்திலும் குற்றத் தீர்ப்பு நிலைத்தது. ‘ஏககாலத்தில்’ மட்டும் கிடைத்தது. சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் கேப்பர் மலைக்குப் போனேன்.

“விசாரணைக் கைதியா இருந்த பதினாலு மாசமும் கழியுமா மாமா?”

கழியும். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, தீர்ப்பில் அதைச் சொன்ன வரியைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.