எழுபத்தாறில் ஒரு பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

மாதிரி ரயில் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பது வீண்வேலை என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தாய். அது பொழுதுபோக்கே இல்லை, பெரிய கலை என்றெல்லாம் வாதாடப் போகாதே. பொழுதுபோக்குதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மறைந்துபோன, மறைந்துகொண்டிருக்கிற ஒரு பொருளை அறிந்துகொள்ள மனிதன் கண்டுபிடித்த வழிகளில், அதை அளவு பிசகாமல் சிறிதாகச் செய்து பார்ப்பதுபோல் கறாரான வழி வேறு அதிகம் இல்லை. அப்படிக் கிடைக்கும் அறிவு உன் வீட்டு அலமாரியோடு நின்றுவிட்டால் பாதிதான் பயன். மீதிப் பாதிக்கு நீ ரயில் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்க மட்டும் போதாது, அங்கே வேலை செய்யப் போக வேண்டும். இந்த இரண்டும் ஏன் ஒன்றோடொன்று சேர வேண்டியவை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் விளக்கப் பார்க்கிறேன்.

பழைய ஸ்டேஷன் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர் 'ஓடு வேய்ந்த சிறிய கட்டடம், பக்கத்தில் ஒரு வேப்பமரம்' என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். புகைப்படக்காரர் வெயில் விழும் பக்கத்தில் நின்று முகப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். மாதிரி செய்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. கூரையின் சரிவு எவ்வளவு, தாழ்வாரத் தூண்களுக்கு இடையே எத்தனை அடி, பின்சுவரில் சன்னல் இருந்ததா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கியது, கைகாட்டியை இழுக்கும் கம்பி நடைமேடைக்கு அடியில் போனதா, ஓரமாகப் போனதா என்று ஒவ்வொன்றுக்கும் அவர் விடை கண்டாக வேண்டும். விடை தெரியாத இடத்தில் அட்டையை வெட்டவே முடியாது. எழுத்தில் மழுப்பலாம், படத்தில் மறைக்கலாம், மாதிரியில் இரண்டும் நடக்காது. அதனால்தான் ஒரு கட்டடத்தை முழுதாகச் செய்து முடித்தவர் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகள், அதிலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கும் புதியவையாக இருக்கின்றன.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே லாங் விட்டன்ஹம் என்ற சிற்றூரில் பெண்டன் என்று ஓர் அருங்காட்சியகம். அதைத் தொடங்கிய ராய் இங்லண்ட் 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கிய இளைஞர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் மேல் அவருக்குத் தீராத பற்று. அந்தக் கம்பெனியின் பெரிய எஞ்சின் பட்டறை சுவிண்டனில் இருந்தது. ரயிலைத் தேடி வந்தவரின் கண்ணில் பட்டது சுற்றுப்புறக் கிராமங்களின் அழிவு. வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் என்னும் அந்தத் தாழ்நிலப் பகுதியில், நூற்றாண்டுகள் பழமையான கூரை வீடுகளின் வைக்கோலைப் பிடுங்கிவிட்டு நவீன ஓடுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சில வீடுகளை இடித்தே தள்ளினார்கள். தடுத்து நிறுத்த அவருக்குப் பணமும் இல்லை, பதவியும் இல்லை. அளந்து, குறித்து, படம் பிடித்து, 76இல் ஒரு பங்காக அட்டையில் செய்துவைக்க முடிவு செய்தார். 1954இல் அது அருங்காட்சியகம் ஆயிற்று. அவர் 1995இல் இறந்தார். வேலை இன்னும் நடக்கிறது. 1920கள், 30களின் அந்தக் கிராமப்புறத்தைத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செய்து சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மாதக் கணக்கில், சிலவற்றுக்கு ஆண்டுக் கணக்கில் உழைப்பு போகிறது. தோட்டத்துச் செடியைப் பார்த்து இன்ன செடி என்று சொல்லிவிடலாம். அங்கேயே டார்ட்மூர் பகுதிக் காட்சியில், புருனெல் என்ற பொறியாளரின் பாணியில் மரத்தால் கட்டிய ரயில் பாலம் ஒன்றும் இருக்கிறது. அந்த வகைப் பாலங்கள் நிஜ உலகில் எப்போதோ போய்விட்டன. ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்கு, அவருக்குப் பின் வந்தவர்களின் உழைப்பால், ஒரு வட்டாரத்தின் ஆவணமாகியிருக்கிறது. பொழுதுபோக்கும் தொண்டும் பிரிக்க முடியாதபடி கலந்த இடம் அது.

அளவு என்று சொன்னேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நேர்மை அங்கேதான் சோதிக்கப்படுகிறது. பிரிட்டிஷ் கடைகளில் அதிகம் விற்கும் மாதிரி ரயில்கள் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்பட்டவை, அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. அந்த நாட்டுத் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் மாதிரித் தண்டவாளம் 18.8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர், அதாவது 87இல் ஒரு பங்கு ரயிலுக்கு உரிய அகலம். எஞ்சின் ஓர் அளவில், தண்டவாளம் வேறோர் அளவில். இந்தப் பொய்யைப் பொறுக்க முடியாத சிலர் கைப்பட 18 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். பெண்டனும் அந்த வழியில் போயிற்று. நம் ஊர்க் கணக்கையும் போட்டுப் பார். இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87இல் ஒரு பங்கென்றால் 19 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் நம் ரயிலை ஏற்றினால் அது ஒடுங்கிப்போய் நிற்கும். ஆனால் ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜுக்கு 11.5 மில்லிமீட்டர்தான் வருகிறது. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடும். நம் நாட்டில் மாதிரி செய்ய விரும்புகிறவருக்கு மீட்டர் கேஜ் தொடங்குவதற்கு ஏற்ற இடம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் பின்னால் வருகிறது.

இப்போது ஒரு வலுவான ஆட்சேபத்துக்கு வருவோம். கையடக்கக் கேமராவும் லேசர் அளவுக் கருவியும் இருக்கிற காலத்தில் கத்தியும் பசையும் எதற்கு, எல்லாவற்றையும் படம்பிடித்துக் கணினியில் போட்டுவைத்தால் போதாதா என்பார்கள். போட்டுவைக்கத்தான் வேண்டும், ஆவணம் இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால் ஆவணம் எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு டொர்னேடோ என்ற நீராவி எஞ்சினின் வரலாற்றைப் பார். ஆர்தர் பெப்பர்கார்ன் வடிவமைத்த ஏ1 வகை எஞ்சின்கள் 49, 1948–49இல் பிரிட்டனில் செய்யப்பட்டன. 1966க்குள் எல்லாவற்றையும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். 1990இல் ஆர்வலர்கள் கூடி ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஐம்பதாவதைப் புதிதாகவே செய்யத் துணிந்தார்கள். யார்க் நகரின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் மூல வரைபடங்கள் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. 2008இல் எஞ்சின் சொந்த ஆவியில் நகர்ந்தது. ஆனால் அதன் கொதிகலனைச் செய்ய ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறைக்குப் போகவேண்டியிருந்தது. நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து உலகுக்குக் கொடுத்த நாடே அதற்காக வெளியே கையேந்தியது. வரைபடம் யார்க்கில் இருந்தது, அதை இரும்பாக்கும் கைப்பழக்கம் மைனிங்கனில் இருந்தது. அங்கே நீராவி எஞ்சின் வேலை இடைவிடாமல் தொடர்ந்திருந்ததே காரணம். நம் பக்கத்திலும் இதே பாடம் உண்டு. ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. உயரழுத்தச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களையும், தாழ்வழுத்தச் சிலிண்டர்கள் பல்சக்கரங்களையும் ஓட்டும். பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் இந்தப் பல்சக்கரங்கள்தான் ரயிலைப் பிடித்து ஏற்றுகின்றன. அதே வகை எஞ்சினைத் திருச்சி பொன்மலைப் பட்டறை இந்த நூற்றாண்டில் புதிதாகவே செய்து கொடுத்தது. பழையவற்றைப் பிரித்து மாட்டிப் பழகிய கைகள் அங்கே இருந்திராவிட்டால் வரைபடம் மட்டும் என்ன செய்திருக்கும்?

அட்டை ஸ்டேஷன் செய்கிறவன் கொதிகலன் செய்துவிட மாட்டான், உண்மைதான். ஆனால் அளப்பது, பொருத்திப் பார்ப்பது, பொருந்தாவிட்டால் ஏன் என்று தேடுவது ஆகிய பழக்கங்கள் இரண்டுக்கும் பொது. இந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நிஜ ரயிலைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்வே சாட்சி. கற்பலகை ஏற்றிவரப் போட்ட குறுகிய பாதை அது. அகலம் 686 மில்லிமீட்டர். அதைத் தன் பொறுப்பில் ஓட்டிவந்த ஹென்ரி ஹேடன் ஜோன்ஸ் 1950இல் இறந்ததும் இழுத்து மூடியிருக்க வேண்டியது. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கி, 1951 மே மாதத்திலிருந்து தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். ஓடும் நிலையில் இருந்தது டோல்கோக் என்ற ஒரே எஞ்சின். தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய முதல் ரயில்பாதை உலகத்திலேயே அதுதான், இன்றும் ஓடுகிறது. தொடக்க காலத்தில் அங்கே கார்டு வேலைக்கு வந்தவர்களில் வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியாரும் ஒருவர். நீ சிறுவயதில் பார்த்த 'தாமஸ்' எஞ்சின் கதைகளை எழுதியவர்; தாமஸே முதலில் அவர் மகனுக்காக மரத்தில் செய்த பொம்மை எஞ்சின். மாதிரி ரயில் அமைத்துக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோகிறவராகவும் அவர் இருந்தார். டாலிலினில் பார்த்த வேலை அவருடைய கதைகளில் ஸ்கார்லோயி ரயில்வே ஆயிற்று. மேசைமேல் ஓடும் ரயில், நிஜ ரயிலில் கார்டு வேலை, எழுத்து ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் ஒன்றையொன்று வளர்த்தன.

சம்பளம் இல்லாமல் வேலை செய்வது இன்னொருவர் பிழைப்பைக் கெடுப்பதாகாதா என்று உன் நண்பர் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதை லேசாகத் தள்ளக்கூடாது. காவலர், துப்புரவுப் பணியாளர், ஃபிட்டர், டிக்கெட் கொடுப்பவர் எல்லோரும் சம்பளத்துக்கு உரியவர்கள். அவர்கள் இடத்தில் உன்னை இலவசமாக நிறுத்தினால் நீ மறுத்துவிடு. ஆனால் எந்த அரசும் எந்தக் காலத்திலும் ஆள் போட்டுச் செய்யாத வேலைகள் அருங்காட்சியகத்தில் நிறைய உண்டு. ஒரு பெட்டியின் கதவுக் கைப்பிடி எந்த ஆண்டு மாறியது என்று ஓய்வுபெற்ற தொழிலாளியிடம் கேட்டு எழுதிவைப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு டோக்கன் வளையம் எதற்கென்று பொறுமையாக விளக்குவது, காட்சி மாதிரியின் தூசியைத் தட்டி அறுந்த கம்பியை ஒட்டவைப்பது போன்றவை அவை. டாலிலினில் சம்பள ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். தொண்டு கூலிக்குப் போட்டியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. போட்டியாக்குவது நிர்வாகத்தின் குற்றம்.

செலவைப் பற்றிய பயத்தை ஒரு வரியில் தீர்க்கலாம்: பெண்டனின் புகழ்பெற்ற வீடுகள் அட்டையாலும் நீர்வண்ணத்தாலும் ஆனவை. இறக்குமதி எஞ்சின் வாங்க முடியாவிட்டால் எஞ்சின் இல்லாத ஸ்டேஷனைச் செய்.

நம் நாட்டில் எதைச் செய்வது என்பதுதான் மீதி. இங்கேதான் மேலே சொன்ன பெரிய காரணம் வருகிறது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது மீட்டர் கேஜில்தான்; 2004இல் அது நின்றது. 1992இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தில் தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்பாதை ஆகி, இன்று ஊட்டி மலை ரயில் ஒன்றுதான் மிச்சம். அகலப்பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயணிகளுக்கு அது நன்மை. ஆனால் அந்தப் பழைய ஸ்டேஷன்களின் அளவுகளை யார் எடுத்துவைத்தார்கள்? பழைய பாம்பன் பாலம் 1914இல் மீட்டர் கேஜுக்காகத் திறந்தது. ஆட்கள் கையால் சுழற்றித் திறக்கும் அதன் ஷெர்சர் வகைத் தூக்குப்பகுதி உருண்டபடியே பின்வாங்கி எழும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாயிற்று. அந்தத் தூக்குப்பகுதி எப்படி அசைந்தது என்பதை ஒரு பிள்ளை தன் கையாலேயே அசைத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள நல்ல மாதிரி ஒன்று வேண்டும். இவையாவது பெயர்பெற்றவை. எல்லோரும் ஏறி இறங்கிய சாதாரண ஐ.சி.எஃப். பெட்டியை நினைத்துப் பார். 1955இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் சுவிஸ் வடிவமைப்பில் செய்யத் தொடங்கிய அந்த வகைப் பெட்டி, 2018 ஜனவரியோடு உற்பத்தி நின்று, இப்போது ஓட்டத்திலிருந்தும் குறைந்துவருகிறது. அதன் சன்னல் கம்பி, மரப்பலகை இருக்கை, சங்கிலிப் பெட்டி எல்லாம் மிகப் பழகியவை என்பதாலேயே யாரும் அளக்கவில்லை. ராய் இங்லண்ட் பார்த்த கூரை வீடுகளும் அவர் காலத்தில் அப்படித்தான் இருந்தன.

நம் அருங்காட்சியகங்களில் தன்னார்வலருக்கு வழி எங்கே இருக்கிறது என்று நீ சோர்ந்துபோகலாம். டாலிலினிலும் 1950இல் யாரும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கவில்லை. வெறுங்கையோடு போய் 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்காமல், அளந்து வரைந்த ஒரு தாளோடு போ. அதைப் பார்ப்பவர் உன்னை உட்காரச் சொல்வார். ஓடும் தண்டவாளத்தின் பக்கம் மட்டும் அளக்கப் போகாதே; அனுமதி இல்லாமல் அங்கே நுழைவது ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. சென்னையில் ஐ.சி.எஃப். அருகே 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகமும் திருச்சியில் இன்னொன்றும் இருக்கின்றன. வரும் விடுமுறையில் ஓர் அளவு நாடா, கோட்டுத்தாள் நோட்டு, பென்சில் எடுத்துக்கொண்டு போய், பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு பெட்டியின் ஒரே ஒரு கதவை அளந்து வரை. வரைந்ததில் ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு வா. எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்