கூரைமேல் ஒரு காவல்

நண்பகல் வெயிலில் தேக்காவில் நடந்துவிட்டுக் கடைத்தொகுதிக்குள் நுழைந்தால், ‘அப்பாடா!’ என்று இருக்கும். அந்தக் குளிர்ச்சியைத் தருவதில் நீருக்கும் பங்குண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா?

பெரிய கட்டடங்கள் பலவற்றில் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்ற நீர் பயன்படுகிறது. வெப்பமேறிய நீர், பெரும்பாலும் கூரைமேல் இருக்கும் குளிரூட்டும் கோபுரத்திற்குச் செல்கிறது. அங்கே மின்விசிறி காற்றை இழுக்கும்போது நீரின் ஒரு பகுதி ஆவியாகிறது. மீதி நீர் குளிர்கிறது. அப்போது நுண்ணிய நீர்த்துளிகள் சில காற்றில் கலந்துவிடுகின்றன.

கோபுரத்தைச் சரியாகப் பராமரிக்காவிட்டால், அந்த நீரில் ‘லீஜியனெல்லா’ என்னும் பாக்டீரியா பெருகலாம். பாசியும் வண்டலும் துருவும் அது வளரத் துணைபுரிகின்றன. கிருமி கலந்த துளிகளைச் சுவாசிப்பவர்களுக்குக் கடுமையான நிமோனியா வரக்கூடும். முதியோருக்கும் புகைபிடிப்போருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஆனால், இது பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள ஒரு தங்குவிடுதியில், ‘அமெரிக்கன் லீஜியன்’ என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பு மாநாடு நடத்தியது. அதற்குப் பின் பலர் மர்மமான காய்ச்சலுக்கு ஆளாயினர். 34 பேர் உயிரிழந்தனர். விடுதிக்குள் நுழையாமல் அதன் அருகே நடந்து சென்றவர்களும் பாதிக்கப்பட்டனர். 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்னும் ஆய்வாளர் அக்கிருமியைக் கண்டறிந்தார். அந்த அமைப்பின் பெயரே கிருமிக்குச் சூட்டப்பட்டது.

லீஜியனெல்லா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் பெருகும். ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் சிங்கப்பூரில் நாம் எந்த மாதத்திலும் கவனக்குறைவாக இருக்க முடியாது. ஆகவே, 2001ஆம் ஆண்டிலேயே குளிரூட்டும் கோபுரங்களுக்கான விதிமுறைகள் இங்கு நடப்புக்கு வந்தன. கோபுரத்தை ஆறு மாதத்திற்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது நீரில் லீஜியனெல்லா உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். இவற்றைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கண்காணிக்கிறது.

வீடுகளிலுள்ள சாதாரண குளிர்சாதனங்களுக்கு இத்தகைய கோபுரம் இல்லை. எனவே, அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கொளுத்தும் வெயிலில் கூரைமீது ஏறிக் கோபுரத்தைக் கழுவும் ஊழியர்களை நாம் பார்ப்பதில்லை. ஆனாலும், கீழே சாலையில் நடந்து செல்லும் முதியவரின் மூச்சுக்கு அவர்களது உழைப்பே காவலாக நிற்கிறது.